இருநூற்றுப் பன்னிரண்டாம் பிரதி

செம்பாக்கம் இரட்சணிய ஆலயத்தில் அதுவரை இருந்ததிலேயே பழைய பொருள் ஒரு ஹார்மோனியம். அதை வாசிக்கச் சபையில் இரண்டு பேர் இருந்தார்கள். போன நவம்பரில் வந்து சேர்ந்த சுருளை வாசிக்க ஒருவரும் இல்லை. அதனால் ஹார்மோனியத்துக்கு ஒருநாளும் கிடைக்காத மரியாதை சுருளுக்கு வந்த அன்றே கிடைத்தது.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கும் எபிரேயத் தோல்சுருளின் பிரதி அது. தோல் போலவே செய்த காகிதத்தில் ஐந்நூறு மட்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு விற்றிருந்தார்கள். சபைக்கு வந்தது இருநூற்றுப் பன்னிரண்டாவது. அசலில் இருந்த எண்ணெய்க் கறை இதிலும் இருந்தது. அசலை எலி கடித்திருந்த இடத்தில் இதை இயந்திரம் கடித்திருந்தது.

கேம்ப் ரோடு சிக்னலிலிருந்து ஆலயம் வரை பேண்டு வாத்தியத்தோடு அதைக் கொண்டுவந்தார்கள். ஆலயத்தை ஒட்டிய கூடத்தில், ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் ஏசுதாசன் திறப்புரை ஆற்றினார். அவர் அரசுத் துறை ஒன்றில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"பிரியமானவர்களே, இது அசலா என்று சிலர் கேட்கிறார்கள். அசல் அல்ல. அசலைப் பார்க்க நாம் வெளிநாடு போக வேண்டும். அங்கே அதைக் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள். நம்மைக் கிட்டே விடமாட்டார்கள். இனி அந்தச் சிரமம் நமக்கு இல்லை. நம் கூடத்திலேயே கண்ணாடிக்குள் வைத்து, நம்மை நாமே கிட்டே விடமாட்டோம்."

சபையார் கைதட்டினார்கள்.

சுருளில் இருந்தது, மணவாளனும் மணவாட்டியும் ஒருவரையொருவர் வர்ணித்துக்கொள்ளும் பகுதி. தமிழில் அதை ஞாயிறு ஆராதனையில் வாசிப்பதில்லை. பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். எபிரேயத்தில் இருந்ததால் யாருக்கும் தர்மசங்கடம் ஏற்படவில்லை.

காலேப் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றிருந்தான். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் அவனுக்கு வேலை. நாள் முழுக்க ஒரே மாதிரியான பொருட்களைப் பார்த்து, அவை ஒரே மாதிரி இருக்கின்றன என்று கையெழுத்துப் போடுவான். பிரதிகளின் மேல் அவனுக்குப் பெரிய பக்தி இல்லை. பேழை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அவனை உறுத்தியது. கூடத்தின் நடுவில் வைத்திருந்தார்கள். பிப்ரவரியில் அதே கூடத்தில் அவனுக்கும் கிறிஸ்டிக்கும் கல்யாண வரவேற்பு.

கிறிஸ்டி குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மஸ்கட்டில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மார்ச் முதல் வாரம் போய்ச் சேர வேண்டும். கல்யாணம் ஆகிப் போனால் காலேப்பையும் அழைத்துக்கொள்ளலாம். ஆகாமல் போனால், முதல் விடுமுறைக்கு அவள் திரும்பி வர இரண்டு வருடம். சாம்பல் புதனுக்குப் பிறகு லெந்து என்னும் தவக்காலம்; ஈஸ்டர் வரை ஆலயத்தில் கல்யாணம் கிடையாது. எனவே சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமையைக் குறித்து, ஆலயத்தையும் கூடத்தையும் ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள்.

காலேப் ஏசுதாசனைச் சபை அலுவலகத்தில் போய்ப் பார்த்தான்.

"சார், பிப்ரவரில ஹால் எங்களுக்கு புக் ஆயிருக்கு. ஞாபகப்படுத்தலாம்னு வந்தேன்."

"எந்த ஹால்?"

"நம்ம ஹால்தான் சார்."

"ஹால்னு ஒண்ணு இப்ப இல்லையே தம்பி. அது சுருள் மண்டபம்."

"பேரு மாத்தினா பரவாயில்ல சார். இடம் அங்கதானே இருக்கு?"

ஏசுதாசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை பேர் வருவாங்க?"

"ஒரு நானூறு பேர் வருவாங்க சார்."

"மூச்சு விடுவாங்களா?"

கேள்வியைச் சரியாகத்தான் கேட்டோமா என்று காலேப்புக்குச் சந்தேகம் வந்தது. "விடுவாங்க சார்."

"அதான் தம்பி பிரச்சினை. ஒவ்வொரு மூச்சுலயும் ஈரம் இருக்கு. அந்தச் சுருள் நூற்றாண்டு நூற்றாண்டா பாலைவனத்துல இருந்தது. ஈரத்தையே பார்த்ததில்ல."

"அது அசல் சார். நம்மளது போன வருஷம் அச்சடிச்சதுதானே?"

"விசுவாசம் வேணும் தம்பி" என்றார் ஏசுதாசன், உண்மையான வருத்தத்தோடு. பிறகு கேட்டார்: "சாப்பாடு என்ன?"

"மட்டன் பிரியாணி சார்."

"சுருள் ஆட்டுத்தோல். அது முன்னால ஆட்டை வேகவைக்கிறது நல்லாவா இருக்கும்?"

"சார், நம்மளது காகிதம்."

"ஆட்டுத்தோலாக் கருதப்பட வேண்டிய காகிதம்."

விஷயம் சுருள் பாதுகாப்பு உபகுழுவுக்கு அனுப்பப்பட்டது. உபகுழுவில் ஏசுதாசனும், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி தபீதாள் அம்மாளும் இருந்தார்கள். பாஸ்டர் ஜோனத்தான் பதவி வழி உறுப்பினர்; கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கிவைத்து, கூட்டம் முடிந்ததும் ஜெபத்தோடு முடித்துவைப்பார். நடுவில் அவருக்கு வேலை இல்லை.

இடத்தைப் பார்வையிட ஒரு நாள் குறித்தார்கள். மேடை போட வேண்டிய பந்தல்காரர் எத்திராஜைக் காலேப் அழைத்து வந்திருந்தான். எத்திராஜ் கூடத்துக்குள் வந்ததும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்.

"இன்னா சார் இது, ஆளே இல்ல, ஏசி இந்தப் போடு போட்டுக்கினு கீது. யாருக்கு சார் இவ்ளோ குளுரு?"

"சுருளுக்கு" என்றார் தபீதாள் அம்மாள்.

"அது இன்னாதும்மா?"

"வேதம் எழுதின பழைய தோல் இருக்குல்ல, அதோட பிரதி."

"பிரதின்னா?"

"காப்பி."

"ஜெராக்ஸா?"

தபீதாள் அம்மாள் கண்ணை மூடி எத்திராஜுக்காகச் சிறிது ஜெபித்தார்.

"கோச்சிக்காதம்மா" என்றார் எத்திராஜ். "ஸ்டேஜு எங்க போடறதுன்னு மட்டும் சொல்லு. நட்ட நடுவுல இது குந்திக்கினு கீது. பொண்ணு மாப்ளைய ஓரமா நிக்க வெச்சா, வர்றவங்கல்லாம் இதுக்குதான் மொய் வெப்பாங்க."

உபகுழு மூன்று முறை கூடியது. முடிவில் கூடத்தை நிபந்தனைகளோடு தருவதாகச் சொன்னார்கள். விருந்தினர்கள் இருபது இருபது பேராக உள்ளே வர வேண்டும். முந்தின இருபது பேர் வெளியே போன பிறகு, காற்றின் ஈரப்பதம் இறங்கும் வரை அடுத்த இருபது பேர் வாசலில் நிற்க வேண்டும். பூ கூடாது; பூவில் பூச்சி வரும். கேமரா வெளிச்சம் கூடாது. பாடகர் குழு பாடலாம், ஆனால் வெளியே நின்று, ஜன்னல்களை மூடிக்கொண்ட பிறகு. மணமக்கள் எந்த நேரத்திலும் சுருளை நோக்கி மூச்சு விடக் கூடாது. பிரியாணியைப் பற்றித் தனியாகத் தெரிவிக்கப்படும்.

காலேப் எல்லாவற்றுக்கும் சரி என்றான். ஏற்றுக்கொண்டதைக் கிறிஸ்டியிடம் சொல்லத்தான் அவனுக்கு இரண்டு நாள் ஆனது. அவள் ட்யூட்டி முடித்து வந்தபோது குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னான்.

அவள் முழுவதையும் கேட்டாள். "பூ இல்ல, பாட்டு இல்ல, வெளிச்சம் இல்ல, மூச்சு விடக் கூடாது. என்னை என்ன ஐசியூல வெச்சுக் கட்டிக்கப் போறியா?"

"ஹால் கிடைச்சா போதும்னு பார்த்தேன்."

"ஐசியூலகூட மூச்சு விடுங்கன்னுதான் காலேப் சொல்லுவோம்."

ஆனாலும் அவளும் சம்மதித்தாள். நாள் முக்கியம். மூன்று ஞாயிறு ஆலயத்தில் வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மூன்றாவது ஓலை வாசிப்பதற்கு இரண்டு நாள் இருக்கும்போது சுருளில் ஓட்டை விழுந்தது.

கண்டுபிடித்தவர் தபீதாள் அம்மாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் பூதக்கண்ணாடியோடு சுருளைத் தரிசிப்பது அவருடைய வழக்கம். அதில் இருந்த ஓட்டைகள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவற்றை அவர் ஊழியம்போல எண்ணிப் பார்த்து வந்தார். அன்று கடுகளவு ஒன்று கூடுதலாக இருந்தது. பேழையின் மூலையில், வெள்ளியாக மின்னிக்கொண்டு, ஒரு பூச்சி கொழுத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஏரிக்கரையில் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

அன்று மாலையே சேகரக் கமிட்டி அவசரமாகக் கூடியது. தன் கூடத்துக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளக் காலேப்பும் போய்ப் பின்னால் உட்கார்ந்தான். முதலில் பூச்சியின் பெயர் விவாதத்துக்கு வந்தது. தமிழில் அதற்கு இராமபாணப் பூச்சி என்று பெயர். அதைச் சபையின் கூட்டக் குறிப்பில் எழுதுவது எப்படி என்று நெடுநேரம் பேசினார்கள். 'சம்பந்தப்பட்ட பூச்சி' என்று எழுதுவதென ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

பிறகு தபீதாள் அம்மாள் அழுதார். அச்சிட்ட நிறுவனத்துக்கு ஏசுதாசன் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் பேசிய பெண், பழுதான பிரதியைத் திருப்பி அனுப்பினால் வேறு ஒன்று அனுப்பி வைக்கிறோம் என்று பணிவாகச் சொன்னாள்.

"வேறு ஒன்றா?" என்றார் ஏசுதாசன். போனை அணைத்தார். சிறிது நேரம் கூரையைப் பார்த்தார். அவர் எழுந்து நின்றபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"பிரியமானவர்களே, நாம் அழக் கூடாது. வேதத்தில் யோனாவின் ஆமணக்குச் செடியை அரிக்க ஒரு பூச்சியை அனுப்பின ஆண்டவர் நமக்கும் ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஏன் என்று யோசியுங்கள். உலகத்தில் ஐந்நூறு பிரதிகள் இருக்கின்றன. மற்ற நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் இந்த ஓட்டை இல்லை. அருங்காட்சியகத்தில் இருக்கும் சுருளிலும் இந்த ஓட்டை இல்லை. ஆகவே நம்முடையது எதைப் போலவும் இல்லை. எதைப் போலவும் இல்லாத ஒன்று எதற்கும் நகலாக இருக்க முடியுமா?"

"முடியாது" என்றார் பொருளாளர், பாதி புரிந்து.

"நகல் இல்லையென்றால்?"

பொருளாளர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"அசல்!" என்றார் ஏசுதாசன்.

பிறகு கைதட்டல் எழுந்தது. தபீதாள் அம்மாள் மறுபடியும் அழுதார். இந்த முறை சந்தோஷத்தில்.

தீர்மானங்கள் வேகமாக நிறைவேறின. செம்பாக்கத்தில் ஓர் அசல் சுருள் இருப்பதை உலகத்துக்கு அறிவிப்பது. அதற்கு ஐந்நூறு பிரதிகள் எடுத்து எண் போடுவது. ஓட்டையைத் துல்லியமாக அச்சிடுவது. சம்பந்தப்பட்ட பூச்சியைக் கொல்லாமல் ஒரு சீசாவில் வைத்துப் பராமரிப்பது. அது வேறு எதையும் தின்றால் சான்றாக இருக்காது என்பதால் தேவைப்பட்டால் வேறு ஒரு பிரதியை வாங்கி உணவாகப் போடுவது. நிபுணர்கள் வந்து பார்க்கும் வரை மண்டபத்தை முத்திரையிட்டு மூடுவது. மண்டபமும் ஆலயமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வதால், ஆலயத்தையும் மூடுவது. ஈஸ்டர் வரை ஞாயிறு ஆராதனையை வண்டி நிறுத்தும் ஷெட்டில் நடத்துவது.

ஆலயத்தை மூடும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது, எல்லாக் கைகளும் உயர்ந்தன. காலேப் கையைத் தூக்கியது வேறு காரணத்துக்காக. அதையும் ஆதரவாக எண்ணிக்கொண்டார்கள்.

"சார், எனக்கு அடுத்த வாரம் கல்யாணம்" என்றான் காலேப்.

ஏசுதாசன் அவனைக் கனிவோடு பார்த்தார். "தெரியும் தம்பி. உனக்காக நாங்க ஜெபிக்கிறோம். ஈஸ்டருக்கு அப்புறம் வெச்சுக்கோ."

"அவ மஸ்கட் போயிடுவா சார். இதை விட்டா ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம் என்ன தம்பி, யாக்கோபு ராகேலுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தார்! யோசிச்சுப் பாரு. கல்யாணம் உலகத்துல தினமும் நடக்குது. இங்க நடக்கலைன்னா தாம்பரத்துல நடக்கும். அதுக்கு நகல் நிறைய இருக்கு. இது ஒண்ணே ஒண்ணு."

பாஸ்டர் ஜோனத்தான் எழுந்து கூட்டத்தை ஜெபத்தோடு முடித்துவைத்தார்.

காலேப் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்று கிறிஸ்டிக்குப் போன் செய்தான். அவள் ஆட்டோ பிடித்து வந்தாள். இரண்டு பேருமாகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனார்கள். பாஸ்டர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், ஆலயத்தைப் பூட்டிட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்றாள் கிறிஸ்டி.

"சாவி செயலாளர்கிட்டதானேம்மா இருக்கு."

"வாயுமா அவர்கிட்ட இருக்கு?"

"கிறிஸ்டி…" என்றான் காலேப்.

"நீ சும்மா இரு. நீ சரி சரின்னு சொல்லித்தான் மூச்சு விடறதுக்கே பர்மிஷன் வாங்கற நிலைமைக்கு வந்தாச்சு." அவள் பாஸ்டர் பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு ஹால் வேணாம் பாஸ்டர். மேடை வேணாம். நீங்க வாங்க, அது போதும். எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

பாஸ்டர் மடித்த அங்கியைப் பிரித்து மறுபடி மடித்தார். "மாடம்பாக்கத்துல நம்ம கிளைச் சபை இருக்கு. தகரக் கொட்டகை. ஆனா அதுவும் ஆலயம்தான், பிரதிஷ்டை பண்ணினது. அங்க நம்ம மெயின் சர்ச் ஆட்கள் யாரும் கல்யாணம் வெச்சதில்லம்மா."

"ஏன்?"

"அந்தஸ்து இல்லன்னு."

"கமிட்டி பர்மிஷன் வேணுமா?"

பாஸ்டர் அதை யோசித்தார். அவருடைய முகத்தைப் பார்த்தால், அந்தக் கேள்வியை இத்தனை வருட ஊழியத்தில் அவர் தன்னிடமே கேட்டதில்லை என்று தோன்றியது. "கேட்டாதான் வேணும்" என்றார்.

மூன்றாவது ஓலையைப் பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில், இரண்டு ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று வாசித்தார். கமிட்டியார் முன்வரிசையில் இருந்தார்கள். பூச்சிச் சீசாவுக்கு எந்த அளவில் மூடி போடுவது என்று பேசிக்கொண்டிருந்ததால் ஓலையில் கல்யாணம் நடக்கும் இடம் மாறியிருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை மாடம்பாக்கம் கொட்டகையில் நானூறு பேருக்கு இடம் இல்லை. பாதிப் பேர் வெளியே எத்திராஜ் போட்ட பந்தலில் நின்றார்கள். கொட்டகைக்குப் பின்னால் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. கிறிஸ்டியின் தலையிலும் கையிலும் வாசல் வளைவிலும் தூண்களிலும் பூ. வேண்டுமென்றே அதிகம் வாங்கியிருந்தாள். ஆராதனை தொடங்குவதற்குச் சற்று முன் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. எத்திராஜ் தன் ஜெனரேட்டரை ஓட்டினார். மின்விசிறிகளும் மைக்கும் திரும்ப உயிர்பெற்றன.

பாடல் முடிந்தது. பாஸ்டர் புத்தகத்தைத் திறந்து, இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்றார்.

"ஒரு நிமிஷம் பாஸ்டர்!"

வாசலில் ஏசுதாசன் நின்றார். வேர்த்து, மூச்சு வாங்க, சட்டை பொத்தான் ஒன்று கழன்று. அவருக்குப் பின்னால் ஒரு லோடு ஆட்டோ நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். காலேப்பின் கை தானாகக் கிறிஸ்டியின் கையைப் பிடித்தது. கிறிஸ்டியின் அம்மா, "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஏசுதாசன் நடுப்பாதையில் நடந்து வந்தார். மணமக்களைப் பார்க்கவில்லை. பூக்களைப் பார்க்கவில்லை. எத்திராஜைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"செம்பாக்கத்துலயும் கரண்ட் இல்ல. மண்டபத்துல ஏசி நின்னு இருபது நிமிஷம் ஆச்சு. ஈரப்பதம் ஏறிக்கிட்டே இருக்கு. ஜெனரேட்டர் இங்க இருக்குன்னு உங்க கடையில சொன்னாங்க. அது வேணும்."

"இன்னா சார் பேஜார் பண்ற? தாலி கட்டற நேரத்துல வந்து ஜெனரேட்டர் கேக்கறியே" என்றார் எத்திராஜ். "பொண்ணு வேர்த்து ஊத்திக்கினு நிக்கிது, கண்ணு தெர்லியா?"

"மனுஷங்க வேர்த்தா துடைச்சுக்கலாம் எத்திராஜ். அது என்ன பண்ணும்?"

அவர் மனதாரச் சொன்னார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. வந்திருந்த நானூறு பேரில் பாதிப் பேர் இரட்சணிய ஆலயத்துக்காரர்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கிறிஸ்டி முக்காட்டை விலக்கினாள். "குடுத்துடுங்கண்ணா."

"இன்னாம்மா நீ?"

"எடுத்துட்டுப் போகட்டும். அது இங்க இருக்கற வரைக்கும் இவரும் இங்கதான் நிப்பாரு."

எத்திராஜ் வெளியே போனார். ஜெனரேட்டர் நின்றது. விசிறிகள் மெதுவாகச் சுற்றி நின்றன. மைக் செத்தது. தகரக் கூரையின் வெயில் உடனே கீழே இறங்கியது. நான்கு பேர் சேர்ந்து ஜெனரேட்டரை லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். ஏசுதாசன் பின்னால் ஏறி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். மைக்கைக் கீழே வைத்தார். பிறகு, இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருக்கிறார்களா என்று மறுபடியும் கேட்டார். சபையில் யாரும் அவரிடம் அதுவரை கேட்டிராத குரலில், பந்தலின் கடைசி வரிசைக்கும் தெருவுக்கும் கேட்கும்படி கேட்டார்.

லோடு ஆட்டோ திரும்பிப் போகும் சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"மேல போங்க பாஸ்டர்" என்றாள் கிறிஸ்டி.